கசிவு என்று எழுதிய தண்ணீர்

1

"நாளைக்குத் தண்ணி வருமான்னு தெரியாதப்ப, இன்னைக்கு அப்பாவக் குளிப்பாட்டலாமா வேணாமாம்மா?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை. இடம் கிள்ளான். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, மழை பொய்த்து, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை வீடுகளுக்குத் தண்ணீரை முறைவைத்து விட்ட ஆண்டு. நான் முருகனுக்கு மாலை வாங்கப் போயிருந்தேன். தண்ணி லோரிக்காக வாளிகளோடு நின்ற வரிசையைத் தாண்டித்தான் பூக்கடைக்குப் போக வேண்டும்.

கேள்வியைக் கேட்டதும் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். "நல்லாக் கேட்டா பாரு! மந்திரியக் கேக்க வேண்டிய கேள்வி லா இது."

அந்தப் பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. "வாய மூடிக்கிட்டு வாளியப் புடி" என்றார். வரிசை இரண்டடி நகர்ந்தது. பிறகு, மகளுக்கு மட்டும் கேட்கும்படி, "துணிய நனச்சுத் தொடச்சு விடுவோம். முதுகு மட்டும்" என்றார்.

நான் மாலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் பார்த்தது அவ்வளவுதான். அந்த அப்பா யார், அவரால் ஏன் தானாகக் குளிக்க முடியவில்லை, எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்தைப் பற்றி இனி வருவதெல்லாம் என் கற்பனை. 'முதுகு மட்டும்' என்ற அந்த இரண்டு சொற்கள் மட்டும் கற்பனை இல்லை.

2

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் போகும் கோயிலில், வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு என்னோடு இலை போடுபவர் சிவசம்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நீர்ப்பாசனத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, மழை வருமா வராதான்னு தெரியாம, அணையிலேர்ந்து இன்னைக்கு எவ்வளவு தண்ணி விடலாம்னு எப்படி முடிவு பண்றாங்க?"

"வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு அரிசி போடுறீர்?"

"கூட்டத்தப் பொறுத்து."

"கூட்டம் வந்த பிறகோ உலை வைக்கிறீர்?"

"இல்ல, காலையிலேயே."

"அவ்வளவுதான். கூடப் போட்டால் மிஞ்சும். குறையப் போட்டால் கடைசிப் பந்திக்குப் பசி. இதிலே எது பெரிய பிழை எண்டு நீர்தான் சொல்ல வேணும். அதைச் சொல்லிப்போட்டால் மிச்சத்தைக் கணக்கே பார்த்துக்கொள்ளும்."

"எது பெரிய பிழைன்னு சொல்றதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?"

"அதுக்குக் கணக்கில்லை. வடை ஆறுது, சாப்பிடும்."

இந்தக் கணக்கைத் தமிழில் உகப்பாக்கம் என்கிறார்கள். இருப்பதை வைத்து, தெரியாததை மதிப்பிட்டு, ஆகச் சிறந்ததைத் தேடுவது. சொல் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. இந்தக் கதையில் இனி அதைப் பயன்படுத்த மாட்டேன். 'கணக்கு' என்றே சொல்கிறேன்.

3

கணக்குப் போடும் ஒருவர் வேண்டும். குணபூசணி என்று பெயர் வைத்தேன்.

முதல் தொடக்கம்:

அணையின் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், நீர்வளத் துறையில் நீண்ட அனுபவம் பெற்ற பொறியாளர் குணபூசணி அவர்கள்—

இது பத்திரிகைச் செய்தி. 'அவர்கள்' என்று எழுதியதும் ஆள் காணாமல் போய்விட்டார்.

இரண்டாம் தொடக்கம்:

குணபூசணிக்கு மனிதர்களைப் பிடிக்காது. எண்களைத்தான்—

இது பொய். எண்களோடு இருப்பவர்களுக்கு நெஞ்சு வறண்டுவிடும் என்று எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்கு எளிது. ஆனால் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் பங்கிடும்போது, வரிசையின் கடைசி ஆள் வரை எட்டிப் பார்த்துவிட்டுக் கரண்டியின் அளவைக் குறைப்பவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? அவர் எப்போதும் கணக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். கடைசி ஆள் மேல் அன்பு இருப்பவர் எண்ணாமல் இருக்க முடியாது.

மூன்றாம் தொடக்கம்:

தைப்பூசத்தன்று, நடுப்பகலில், குணபூசணி தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றுவிட்டாள்.

இது இருக்கட்டும்.

4

நாற்பதைத் தாண்டியவள். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பா கனகசபை ரயில்வே அலுவலகத்தில் வேலை செய்தவர். அவள் வேலை செய்யும் அலுவலகத்துக்கு நான் பெயர் வைக்கவில்லை. அவள் கணக்குப் பார்க்கும் அணைக்கும் பெயர் இல்லை. இரண்டுமே நான் கட்டியவை. உண்மையான அணைகளையும் அலுவலகங்களையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே வேலை செய்பவர்கள் என்னோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

அந்த ஆண்டு அவள் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தாள். (வேண்டுதல் என்ன என்று யோசித்தேன். நான் உண்டாக்கிய ஆளாக இருந்தாலும், கேட்கக் கூசியது. விட்டுவிட்டேன்.)

ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. மலையடிவாரத்துக்கு முன்னால் தார் இளகிக் கிடந்தது. கால் வைத்தாள், எடுத்தாள், மறுகால் வைத்தாள். அதன் பிறகு முடியவில்லை. தலையில் குடம், இரண்டு கையும் குடத்தில். நின்றால் சுடுகிறது, நடந்தாலும் சுடுகிறது.

அப்போது காலடியில் தண்ணீர் விழுந்தது.

"நடம்மா. ஈரத்துல கால வச்சு நட."

யாரோ ஒரு பெண். அவள் கால் வைக்கப் போகும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, போதும், உங்க குடிக்கிற தண்ணி—"

"பேசாத. பால் சிந்தும்."

தலையில் குடம் இருப்பவரால் திரும்பவும் முடியாது, குனியவும் முடியாது. குணபூசணி பார்த்ததெல்லாம் கண்ணோரத்தில் ஒரு கை, அதில் கண்ணாடி வளையல், தாரில் கறுத்து உடனே காயும் ஈரம். படிக்கட்டுக்கு வந்ததும் அந்தக் கை இல்லை. பாலைச் சேர்த்துவிட்டு இறங்கி வந்தபோது தேடினாள். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கையைத் தேடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

இதைப் படித்த சிவசம்பு அண்ணன், "அணையைப் பற்றி எழுதப் போறன் எண்டீர். பால்குடத்தில நிக்கிறீர்?" என்றார். நான் என்ன செய்ய. அவள் அங்கேதான் நின்றாள்.

5

மழைக்காக எல்லாக் கோயில்களிலும் மசூதிகளிலும் வேண்டுதல் நடந்த மாதங்கள் அவை.

குணபூசணியின் வேலை இதுதான். மாதத்தின் முதல் நாளே, எந்தப் பகுதிக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு பங்கீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். மழை அதற்குப் பிறகுதான் வரும், அல்லது வராது. ஆகவே கணினிக்குள் மூன்று எதிர்காலங்களை வைத்திருந்தாள்: நனைந்தது, நடுத்தரமானது, வறண்டது. ஒவ்வொன்றும் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று பழைய மழை அளவுகளிலிருந்து ஓர் எடை. அணையில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதற்குக் கீழே போனால் குழாயில் சேறுதான் வரும். அந்தக் கோட்டைத் தொடாமல், மூன்று எதிர்காலங்களையும் சேர்த்துப் பார்த்து, மொத்தப் பற்றாக்குறை குறைவாக இருக்கும்படி பங்கிட வேண்டும்.

(இந்தப் பத்தியை நான் பலமுறை எழுதினேன். இன்னும் புரியவில்லை என்றால் உலையையும் கடைசிப் பந்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் மாதப் பங்கீடு மேலிடத்துக்குப் போய், நடப்புக்கும் வந்துவிட்டது. இரண்டாம் மாதத்துக்கு வேலையைத் தொடங்கியபோதுதான், அதில் இருந்த அந்த வரியைப் பார்த்தாள். கிள்ளானுக்கு வெளியே, குழாயின் கடைசியில், மேட்டுக் கம்பம் என்று ஓர் இடம். (கம்பம் என்றால் மலாயில் கிராமம். தேடாதீர்கள். அதுவும் நான் வைத்த பெயர்.) வறண்ட எதிர்காலத்தில் அதற்குத் தண்ணீர் இல்லை. நடுத்தரத்திலும் இல்லை. நனைந்த எதிர்காலத்திலும் இல்லை.

மழை பெய்தாலும் இல்லை, பெய்யாவிட்டாலும் இல்லை. தெரியாததைப் பற்றிய கணக்கில், முழுக்க முழுக்கத் தெரிந்த ஒரே வரி.

இப்படிப்பட்ட கணக்குக்கு ஒரு குணம் உண்டாம். பற்றாக்குறையை எல்லார் தலையிலும் மெல்லிசாகப் பரப்பாது. எங்கே போட்டால் மலிவோ அந்த மூலையில் மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டிவிடும். அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணமே கிடையாது. மேட்டுக் கம்பம் ஏன் அவ்வளவு மலிவாகத் தெரிந்தது என்று பார்த்தாள்.

அங்கே இருந்தது ஒரே ஒரு மீட்டர், எப்போதோ விற்கப்பட்ட ஒரு தோட்டத்தின் பெயரில். அந்த ஒரு மீட்டர் வழியாக ஏராளமான தண்ணீர் ஓடியிருந்தது. அலுவலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது: மூடிய தோட்டத்தின் மீட்டர் அதிகமாக ஓடினால், எங்கோ பைப் உடைந்திருக்கிறது, அதைக் 'கசிவு' என்ற பத்தியில் சேர்க்க வேண்டும். சேர்த்தவள் அவள்தான். வறட்சியில் கசிவை அடைப்பதைவிடப் பெரிய சேமிப்பு ஏது? கணினி சரியாகத்தான் சொல்லியிருந்தது.

6

இந்த இடத்தில், வாளி தூக்கும் ஏழை ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, மேசையைத் தட்டி, "உங்க படிப்பு இதுதானா?" என்று கேட்பதாக எழுதலாம். வாசகர்கள் கைதட்டுவார்கள். நான் எழுதி, கைதட்டல் எனக்கே கேட்டதும் கிழித்துவிட்டேன்.

யாரும் வரவில்லை. குணபூசணிதான் போனாள், ஞாயிற்றுக்கிழமை, தன் பழைய சாகா காரில், உடைந்த பைப்பைப் பார்க்க. லாலாங் புல்லுக்குள் எங்கோ தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இப்போது தண்ணீரை நிறுத்திய பிறகு அந்த இடமாவது தெரியும் என்று நினைத்தாள்.

மேடேறியதும் தெரிந்தது தகரக் கூரைகள். இவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளிலிருந்து இறங்கியவர்கள் அதே பைப்பின் பக்கத்தில் குடியேறி, அதே மீட்டரில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுப் பைப்புக்கு முன்னால் வாளிகள் வரிசையாக நின்றன. ஆட்கள் இல்லாத வரிசை. ஆளுக்குப் பதில் வாளி. நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் காரைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

"ஆபீஸ்காரங்க வந்துட்டாங்க லா! அக்கா, போட்டோ புடிக்க வந்தீங்களா, தண்ணி விட வந்தீங்களா?"

"பைப் எங்க ஒடஞ்சிருக்குன்னு பாக்க வந்தேன்" என்றாள் குணபூசணி.

"ஒடஞ்சிருந்தாத்தான் நல்லாருக்குமே. நக்கியாச்சும் குடிச்சிருப்போம்."

சிரிப்பு எழுந்தது. கோபமான சிரிப்பு இல்லை. காரில் வந்தவளைச் சீண்டிப் பார்க்கும் சிரிப்பு.

"இந்த மீட்டர்ல எத்தனை வீடு?"

"இங்கேர்ந்து பாத்தா எத்தன கூரை தெரியுது? அத்தனையும். அந்தப் பக்கம் எறக்கத்துலயும் இருக்கு, அது தெரியாது."

வரிசையின் தலையில் ஒரு வாளி தனியாக இருந்தது. கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இது யாரோடது?"

"அய்யாவு அண்ணன் வீட்டு வாளி. லோரி வந்தா மொத வாளி அதுக்குத்தான். அதுக்கப்புறம்தான் சண்ட போடுவோம்."

"அதுல ஒரு நா கூடத் தகராறு வந்ததில்ல" என்றாள் இன்னொருத்தி. "மத்ததுல எல்லா நாளும் வந்திருக்கு."

அய்யாவுவின் மனைவி வள்ளியம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். பேச்சு தன் வீட்டைப் பற்றித் திரும்பியதும் கூசினாற்போல முன்னால் வந்தாள். அய்யாவு லோரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுத்தே இருக்கிறார்.

"தெனமும் குளிப்பாட்டி, முதுகத் தொடச்சு, பொரட்டிப் போடணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இல்லாட்டி புண்ணாயிடும், புண்ணு வந்தா ஆளு தங்காதுன்னாங்க. இவங்கெல்லாம் மொத வாளி குடுக்குறாங்க. ஆனா லோரி வந்தாத்தானே. நேத்துப் பாத்தேன், இடுப்புகிட்ட செவந்திருக்கு."

வாசகர்களே, இந்தக் கதையில் பணயம் இதுதான். அணை இல்லை, அறிக்கை இல்லை. ஒரு மனிதரின் முதுகு.

அந்தப் பெண்பிள்ளை அங்கேதான் இருந்தாள். புஷ்பவல்லி என்று பெயர் வைத்திருக்கிறேன். தன் கேள்வியை இந்த இடத்தில் அவள் மறுபடியும் கேட்டால் கதைக்கு நன்றாக இருக்கும். வேண்டாம். ஒரு பிள்ளை அந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டதே அதிகம்.

குணபூசணி கிளம்பும்போது வள்ளியம்மா உள்ளே போய் ஒரு தம்ளரோடு வந்தாள். அரைத் தம்ளர் தண்ணீர்.

"வெயில்ல வந்திருக்கீங்க."

"ஐயோ, வேணாங்க்கா. நான் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்."

"வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பக் கூடாது. குடிங்க."

குடித்தாள். குடிக்காமல் இருந்திருந்தால் அது தண்ணீரைக் காப்பாற்றுவது ஆகியிருக்காது. ஒரு பெண்ணின் வீட்டை வீடு இல்லை என்று சொன்னது ஆகியிருக்கும்.

(வள்ளியம்மாவின் கையில் கண்ணாடி வளையல் இருந்ததா? முதல் பிரதியில் இருந்தது, அதே மாதிரி. பத்துமலையில் தண்ணீர் ஊற்றியவள் இவளேதான் என்று வைத்திருந்தேன். எழுதிவிட்டு ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வளையலைக் கழற்றிவிட்டேன். தனக்கு உதவியவளுக்கு மட்டும் திருப்பி உதவுவது கொடுக்கல் வாங்கல்தான். உங்களுக்கு வளையல் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன்.)

7

திங்கட்கிழமை அலுவலகம்.

குணபூசணியின் மேலதிகாரி பாலசுந்தரம், இவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். நல்ல மனிதர். சஷ்டி விரதம் பிடிப்பவர். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. அவள் கசிவு என்ற பத்தியிலிருந்து மேட்டுக் கம்பத்தை எடுத்து ஆட்கள் இருக்கும் பத்தியில் போட்டிருந்தாள். அதோடு நிற்கவில்லை. கணக்கில் ஒரு புதிய கட்டுப்பாட்டையும் சேர்த்திருந்தாள்: எந்த எதிர்காலம் வந்தாலும், எந்தப் பகுதிக்கும், ஓர் ஆள் குடிக்கவும் குளிக்கவும் தேவையான அளவுக்குக் கீழே போகக் கூடாது.

பாலசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"பிழைதான் பிள்ளை. நான் மறுக்கேல்லை. மேட்டுக் கம்பத்தைத் திருத்தும். ஆனால் இந்தக் கட்டுப்பாடு எதுக்கு?"

"இன்னும் எத்தனை மேட்டுக் கம்பம் இருக்குன்னு எனக்குத் தெரியாது சார். இப்படி ஒண்ணு போட்டா, எனக்குத் தெரியாதவங்களும் தப்பிப்பாங்க."

"மேட்டுக்குத் தண்ணி ஏத்துறதில பாதி வழியிலேயே போயிடும், தெரியுமெல்லே? வறண்ட எதிர்காலம் வந்தால் சிவப்புக் கோட்டை முந்தியே தொட்டுடுவம். சுபாங் ஜெயாவிலும் தண்ணி இராது, பிரிக்ஃபீல்ட்ஸிலும் இராது. உம்மட வீட்டிலும்தான்."

"தொடுவோம் சார். எல்லாரும் சேர்ந்து தொடுவோம்."

"மழை வராட்டி?"

"வந்தா?"

"வருமெண்டு உமக்குத் தெரியுமோ?"

"வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வானம் வெள்ளையாக இருந்தது. பாலசுந்தரத்தின் பயத்தை நான் குறைத்து எழுத மாட்டேன். அவர் தன் பதவிக்காகப் பயப்படவில்லை. சேறு வரும் குழாயின் முன்னால் நிற்கப்போகும் இலட்சக்கணக்கான பேரை அவரும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர்களுக்கும் முதுகு உண்டு.

கண்ணாடியை இறக்கிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"வியாழக்கிழமை மேலிடத்துக் கூட்டம். நானும் வாறன். ஆனால் கதைக்கப் போறது நீர்தான். எனக்கு இங்கிலீஷில கோபம் வந்தால் தமிழ் வந்திடும்."

8

இப்போது முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவள் பேசி முடிக்கும்போது இடி இடிக்கிறது. எல்லாரும் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். சிவசம்பு அண்ணன் இதைப் படித்துவிட்டு, "மழையைக் கூப்பிட உமக்கு என்ன அதிகாரம்? நாங்கள் எவ்வளவு காலமாகக் கூப்பிட்டனாங்கள்" என்றார். நியாயம்தான்.

இரண்டாவது: அவள் கேட்டதை ஒப்புக்கொள்கிறார்கள். மழை வரவில்லை. அணை சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. பத்திரிகைகள் அவளை—

இதை எழுதியபோது என் கண் கலங்கியது. கண் கலங்கியதனாலேயே சந்தேகம் வந்தது. இரக்கம் காட்டினால் தண்டனை என்று சொல்லும் கதையை நான் நம்பவில்லை. இரக்கம் காட்டினால் மழை பெய்யும் என்று சொல்லும் கதையையும் நம்பவில்லை. ஆண்டவன் அப்படிச் சில்லறை எண்ணிக் கொடுப்பவன் இல்லை.

மூன்றாவது: கூட்டத்தில் மறுத்துவிடுகிறார்கள். அவள் தலைகுனிந்து—

இல்லை.

ஆகவே மழை வந்ததா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். குணபூசணி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது மழை வருமா என்று தெரியாமல்தான். மழை வந்தது என்று நான் சொல்லிவிட்டால், நீங்கள் அவளைப் பார்த்து, "சரியாகத்தான் செய்தாள்" என்பீர்கள். வரவில்லை என்றால், "அவசரப்பட்டாள்" என்பீர்கள். இரண்டுமே அவள் செய்ததைப் பற்றிய தீர்ப்பு இல்லை; மேகத்தைப் பற்றிய தீர்ப்பு. அவள் நின்ற இடத்தில் நீங்களும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வானம் வெள்ளையாக இருக்கிறது. கையில் தாள் இருக்கிறது. எது பெரிய பிழை?

(அந்த ஆண்டு இங்கே குடியிருந்தவர்களுக்கு எப்போது மழை வந்தது என்பது ஞாபகம் இருக்கும். தயவுசெய்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.)

9

கூட்டத்தில் என்ன முடிவானாலும், புதிய பங்கீடு அடுத்த மாதம்தான் நடப்புக்கு வரும். அதுவரை மேட்டுக் கம்பத்துக் குழாயில் காற்றுத்தான். கணக்கு திருந்திவிட்டது, அய்யாவுவின் இடுப்பில் சிவந்த இடம் அப்படியே இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குத் தாண்டிவிடுவோம். என்னால் முடியவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தண்ணீர் முறை. குணபூசணி அரைநாள் விடுப்பு எடுத்தாள். தனக்கென்று பிடித்துவைக்க வேண்டிய தண்ணீரைக் கேன்களில் நிரப்பிக் காரில் ஏற்றினாள். பின்பக்கம் தாழ்ந்துபோன கார், மேடுகளில் முனகிக்கொண்டு கிள்ளானுக்குப் போனது. அன்று அவள் வீட்டில் சமைக்கவில்லை. குளிக்கவும் இல்லை. இது தியாகம் என்று அவள் நினைக்கவில்லை. நானும் அந்தச் சொல்லைப் போடவில்லை.

வழியில் அவள் என்ன நினைத்தாள் என்று எழுதலாம். தாரில் கறுத்துக் காய்ந்த ஈரம், அரைத் தம்ளர், 'பேசாத, பால் சிந்தும்' என்ற குரல். அந்தக் கையை அவள் இனி கண்டுபிடிக்கப் போவதில்லை. தண்ணீர்க் கடனை, வாங்கிய கையிலேயே திருப்பிக் கொடுக்க முடிவது அபூர்வம். தாகம் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் இறக்க வேண்டியதுதான்.

போய்ச் சேர்ந்தபோது கம்பத்தில் யாரும் இல்லை. கீழே பெரிய சாலைக்கு லோரி வருகிறது என்று எல்லாரும் வாளிகளோடு ஓடியிருந்தார்கள். சிவப்புத் துணி கட்டிய வாளியும் முன்னால் போயிருந்தது. லோரியில் எவ்வளவு இருக்கும், மேடு வரை எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. வள்ளியம்மாவின் வீட்டு வாசலில் ஒரு தகர டிரம். உள்ளே அய்யாவு, முகம் சுவர்ப்பக்கம். அவர் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. முதல் கேனை இரண்டு கையாலும் தூக்கி, டிரம்மின் விளிம்பில்—

இங்கே ஒரு சிக்கல். யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் அவள் கூப்பிடாமல் ஊற்றுகிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாம் இருவரும் இப்படி நின்றால் இது சாட்சி வைத்துத் தீர்த்த கடனாகிவிடும்.

திரும்பிக்கொள்வோம். அந்தப் பக்கம் லாலாங் புல் இருக்கிறது. மேட்டிலிருந்து பார்த்தால் தூரத்தில் வானமும் தெரியும். அதைப் பாருங்கள், மழை வருமா என்று.

தகர டிரம்மின் அடியில் விழும்போது தண்ணீர் பெரிதாகச் சத்தம் போடும். நிறைய நிறையச் சத்தம் தாழும். அது ஓய்ந்து, கார்க்கதவு சாத்தும் ஓசை கேட்கும்வரை, நாம் திரும்ப வேண்டாம்.